கிரிக்கெட் ஸ்லொட்டில் காசு போட முதல் ஒரு கொப்பி எடுங்கள்

பரந்தன் பக்கம் காலபோக நெல் விற்றுக் கையில் காசு வந்த மாதம், ராத்திரியில் போனோடு இருந்து கிரிக்கெட் படம் போட்ட ஸ்லொட் ஒன்றை, அதாவது பொத்தானை அழுத்தினால் படங்கள் சுற்றி நிற்கும் காசுச் சூதாட்டம் ஒன்றை, விளையாடத் தொடங்கினேன். மூன்று கிழமைக்குள் உரக்கடைக்கு என்று ஒதுக்கி வைத்த காசிலும் கை வைத்துவிட்டேன். பிறகுதான் கொப்பியை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஊரில் இன்னும் இரண்டு தம்பிமார் இதே கதையோடு வந்ததால் எழுதி வைக்கிறேன். கணக்குத் திறப்பது, காசு ஏற்றுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும், அதை விடுகிறேன். நம் நாட்டில் சட்டப்படி அனுமதி உள்ள தளமா என்று மட்டும் முதலில் பாருங்கள். இல்லையென்றால் காசில்லாமல் விளையாடும் டெமோவோடு நில்லுங்கள். நான் இப்போது டெமோ மட்டும்தான்.

முதற்படி: விளையாட்டு அறிவை மைதானத்தில் விடுங்கள். துடுப்பும் விக்கெட்டும் வெறும் படங்கள். பொத்தானை அழுத்தியதுமே தற்செயலாக எண் எடுக்கும் மென்பொருள் முடிவைத் தீர்மானித்துவிடும். உருளை சுற்றுவது நமக்குக் காட்டும் காட்சி. மூன்றாவது படம் ஒரு கட்டம் தள்ளி நின்றதால் அடுத்த சுற்றில் விழும் என்று இல்லை. ‘கிரிக்கெட் ஸ்டார்’ போன்றவற்றில் 243 வழி என்று போட்டிருக்கும், படங்கள் சேர்ந்து விழக்கூடிய வழிகளின் எண்ணிக்கை அது. ஐந்து உருளை, ஒவ்வொன்றிலும் மூன்று படம், 3×3×3×3×3. அவ்வளவுதான்.

இரண்டாவது படி: ஆர்டிபி, அதாவது போட்ட பந்தயத்தில் சராசரியாகத் திரும்பி வரும் வீதம். நான் விழுந்த இடம் இது, ஆறுதலாக வாசியுங்கள். விளையாட்டின் தகவல் பக்கத்தில் 96% என்று இருக்கும். 2,000 ரூபாய் போட்டால் போவது 80 ரூபாய்தானே என்று நினைத்தேன். அந்த 4% நாம் ஏற்றிய காசுக்கு அல்ல, சுற்றிய மொத்தத் தொகைக்கு. சுற்றுக்கு 20 ரூபாய், ஆறு வினாடிக்கு ஒரு சுற்று என்றால் மணித்தியாலத்துக்கு 600 சுற்று. அது 12,000 ரூபாய்ப் பந்தயம். அதில் 4% என்றால் 480 ரூபாய். தானாகவே சுற்றிக்கொண்டிருக்கும் ஓட்டோவில் விட்டு மூன்று வினாடிக்கு ஒன்றாக ஓடினால் 960. இதுவும் சராசரிதான். ஒரு ராத்திரியில் இதைவிட எவ்வளவோ கூடப் போகலாம், சில நாள் வரவும் செய்யலாம். ஒரே விளையாட்டை ஒரு தளம் 96இலும் இன்னொன்று 94இலும் ஓட்டும், அதனால் நீங்கள் விளையாடும் தளத்திலேயே திறந்து பாருங்கள். 94 என்றால் அந்த 480, 720 ஆகிவிடும்.

மூன்றாவது படி: வாணத்தை நம்பாதீர்கள். 20 ரூபாய் போட்டேன். சனம் கூச்சல் போட்டது, திரை முழுக்க வாணம், நடுவில் பொன் எழுத்தில் ‘8.00’. வென்றேன் என்று உடம்பு சொல்லியது. கொப்பியில் எழுதிப் பார்த்தால் 12 ரூபாய் நட்டம். பிரித்தானியாவில் 2021 ஒக்டோபரிலிருந்து இப்படி நட்டத்தை வெற்றியாகக் கொண்டாடுவதும் ஓட்டோவும் தடை. சுற்றுக்குக் குறைந்தது 2.5 வினாடி செல்லவும் வேண்டும். நமக்குக் கிடைக்கும் தளங்களில் அந்தக் காவல் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஒலியை நிறுத்துங்கள், ஓட்டோவைத் தொடாதீர்கள்.

நான்காவது படி: வரம்பு. சம்பளமோ வெளிநாட்டுக் காசோ விழும் கணக்கின் அட்டையைப் போனில் பதியவே வேண்டாம். தனிக் கணக்கில் மாதத்துக்கு இவ்வளவு என்று போடுங்கள், முடிந்தால் முடிந்தது. நேரக் கணக்குக்குச் செயலிகள் இருக்கின்றன, எனக்குச் சரிவரவில்லை, அணைத்துவிட்டுத் தொடர்ந்தேன். மனிசியின் போனில் அரை மணித்தியால அலாரம் வைத்ததுதான் பலித்தது. அது அடித்தால் நான் எழும்பிப் போய்த்தான் நிறுத்த வேண்டும். எழும்பினால் திரும்ப இருக்க மனம் வராது. கடன் காசு, சீட்டுக் காசு, நகை அடகு வைத்த காசு ஒன்றும் இதற்குள் வரக் கூடாது.

பிறகு சேர்த்தது: ‘5,000 ரூபாய் போனஸ் இலவசம்தானே அண்ணை?’ என்று முள்ளியவளையில் இருந்து ஒரு தம்பி கேட்டார். விதிகளில் ‘40 மடங்கு’ என்று இருந்தது. அப்படியென்றால் 2,00,000 ரூபாய்க்குச் சுற்றினால்தான் காசை எடுக்கலாம். 4% படி பார்த்தால் அதில் 8,000 போகும். போனஸைவிட 3,000 கூட. அவர் எடுக்கவில்லை.

இன்னொன்று: விட்டதைப் பிடிக்கவென்று கடன் வாங்கும் நிலைக்கு வந்தவர்களுக்கு மேலே உள்ள படி ஒன்றும் உதவாது. வீட்டில் ஒருவரிடம் தொகையை ஒளிக்காமல் சொல்லுங்கள், அட்டையை அவரிடம் கொடுங்கள். இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கம் 1926.