பவர் விண்டோ மோட்டாரை மாற்றும் முன்

கார் கண்ணாடி ஏறாமல் நின்றுவிட்டால் உடனே புது மோட்டார் வாங்கிவிடாதீர்கள். முதலில் ஃபியூஸைப் பாருங்கள். அது சரி என்றால், இரவில் உள்விளக்கைப் போட்டுக்கொண்டு சுவிட்சை அழுத்துங்கள். விளக்கு லேசாக மங்கினால் மோட்டாருக்குக் கரண்ட் போகிறது. மோட்டாரோ கண்ணாடியோ இறுகியிருக்கலாம். மோட்டார் ஓடும் சத்தம் கேட்டும் கண்ணாடி அசையவில்லையா? பெரும்பாலும் கண்ணாடியை ஏற்றி இறக்கும் அமைப்பான ரெகுலேட்டரின் கேபிள்தான் அறுந்திருக்கும்.

சந்தேகம் தீர, கதவின் உள்பலகையைக் கழற்றி மோட்டார் பிளக்கில் மல்டிமீட்டர் (வோல்ட் அளக்கும் கருவி) வையுங்கள். சாதாரண இரண்டு வயர் மோட்டாரில், சுவிட்சை அழுத்தும்போது 12 வோல்ட் வந்தும், கண்ணாடி இறுகாமல் இருந்தும் மோட்டார் ஓடவில்லை என்றால் மாற்றத்தான் வேண்டும்.

அப்புறம், மோட்டாரைக் கழற்றும் முன் கண்ணாடியை மேலே தூக்கி, கதவுச் சட்டத்தோடு டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். பிடிமானம் போனதும் கண்ணாடி சட்டென்று இறங்கும், உள்ளே இருக்கும் விரல் நசுங்கிவிடும்.