பழைய புல்லட்டுக்கு எலக்ட்ரானிக் இக்னிஷனா? முதலில் காயிலை அளந்து பாருங்கள்

குன்னூர், கோத்தகிரிப் பனியில் இரவெல்லாம் நின்ற பழைய புல்லட் காலையில் உதைக்க உதைக்க அடம்பிடிக்கும். பிளக்கில் பொறி வரவைக்கும் சுவிட்சான பாயிண்டின் முனையில் ஈரம் படிவது ஒரு முக்கியக் காரணம். பாயிண்டின் வேலையை மாட்யூல் என்ற மின்னணுப் பெட்டிக்குக் கொடுக்கும் எலக்ட்ரானிக் கிட் நல்ல தீர்வுதான், ஆனால் பொறிக்கான உயர் வோல்ட்டைத் தரும் காயிலைப் பார்க்காமல் மாட்டாதீர்கள். மீட்டரில் காயிலின் பிரைமரி சுற்றை (பேட்டரி கரண்ட் ஓடும் கம்பிச் சுற்று) அளந்தால் 12 வோல்ட் பாயிண்ட் காயில் 3 ஓம் அளவில் காட்டும். அதன் பாதிதான் காட்டுகிறது என்றால் அது 6 வோல்ட் காயிலாக இருக்கலாம். அப்படியே விட்டால் கரண்ட் கூடி மாட்யூல் கருகிவிடும்.

பாயிண்டோடு இணைந்த கண்டென்சரைக் கழற்றிவிடுங்கள். பிளக் கேப் 5 கிலோ ஓம் ரெசிஸ்டர் உள்ளதாக இருக்கட்டும். வேகம் கூடும்போது பொறியை முன்கூட்டியே விழவைக்கும் பழைய அட்வான்ஸ் எடைகளையே பயன்படுத்தும் கிட் என்றால், விரலால் விரித்து விட்டதும் அவை ஸ்பிரிங் இழுப்பில் சட்டென்று மடங்க வேண்டும். பிசுக்கைத் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். பிளஸ், எர்த் மாறினால் மாட்யூல் அந்த நொடியே போய்விடும்.

கழற்றிய பாயிண்ட் தட்டையும் கண்டென்சரையும் டூல் பாக்ஸிலேயே வையுங்கள். ஊட்டி–மசினகுடி சாலையின் கல்லட்டி ஏற்றத்தில் மாட்யூல் செத்தால் அவைதான் வீடு சேர்க்கும்.