வொர்க்ஹவுஸிலேயே காலம் கழித்தவர்களைத் தேடும் முறை

சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வரலாறு படிக்கும் நம் பிள்ளைகள் விக்டோரியா கால ஏழையர் விடுதியான வொர்க்ஹவுஸை ஆய்வுக்கு எடுத்தால், 1861-ஆம் ஆண்டு நாடாளுமன்றப் பட்டியலில் தொடங்குங்கள். இங்கிலாந்து, வேல்ஸ் விடுதிகளில் ஐந்தாண்டோ அதற்கு மேலோ தொடர்ந்து இருந்த பெரியவர்கள் 14,216 பேர் அதில் பெயரோடு இருக்கிறார்கள்.

ஊர்ப் பெயரை வைத்துத் தேடினால் பலர் அகப்படமாட்டார்கள். பட்டியல் யூனியன்வாரியானது. 1834 ஏழையர் சட்டப்படி பல பாரிஷ்களை, அதாவது சிறு உள்ளூர் நிர்வாக வட்டாரங்களை, சேர்த்தது யூனியன். நம் பஞ்சாயத்துகள் சேர்ந்த பிளாக் மாதிரி. ஊர் எந்த யூனியனில் வருகிறது என்று முதலில் பாருங்கள்.

பெயருக்கு நேரே இருந்த காலமும் காரணமும் இருக்கும். 'முதுமை', 'மனநோய்' என்று ஓரிரு சொல்தான். அதை எழுதியது நிர்வாகம். அங்கே கிடந்தவர் சொன்னதல்ல. ஒரு வாழ்க்கையையே அந்தச் சொல்லுக்குள் அடைத்துவிடாதீர்கள்.

அடுத்து, 1851 மார்ச் 30, 1861 ஏப்ரல் 7 மக்கள்தொகைக் கணக்குகள். வயது, பிறந்த ஊர், பழைய தொழில் அங்கே கிடைக்கும். சில விடுதிகளில் பெயரின் முதலெழுத்து மட்டும் போட்டிருப்பார்கள். வயதையும் பிறந்த ஊரையும் வைத்துப் பொருத்துங்கள்.

இரண்டு கணக்கிலும் இருப்பதால் பத்தாண்டும் உள்ளேயே இருந்தார் என்று எழுதிவிடாதீர்கள். மூன்று மணி நேர முன்னறிவிப்பில் வெளியேறலாம், திரும்பவும் வரலாம். சேர்க்கை, விடுவிப்புப் பதிவேடு கிடைத்தால் அதைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.