கன்றுக்குட்டிக்கு ஈஸ்ட் கொடுப்பது எப்படி?

கழிச்சலைத் தடுக்க ஈஸ்ட் கொடுக்கும் முன், முதல் வேலை சீம்பால்தான். 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர், முதல் ஆறு மணி நேரத்துக்குள் உள்ளே போயிருக்க வேண்டும். சீம்பாலில் வரும் தாயின் எதிர்ப்பொருளை (நோயைத் தடுக்கும் புரதத்தை) குடல் அப்படியே உறிஞ்சுவது 24 மணி நேரத்தோடு நின்றுவிடும். அதை எந்த ஈஸ்ட்டாலும் ஈடுகட்ட முடியாது. ஈஸ்ட்டை மூன்றாம் நாள் தொடங்கினால் போதும்.

ஈஸ்ட் செல்லின் சுவரில் மன்னான், பீட்டா குளுக்கான் என்று இரண்டு பொருள்கள் உண்டு. குடலில் ஒட்ட வரும் ஈ.கோலை கிருமிகளில் பல, மன்னானைப் பற்றிக்கொண்டு சாணியோடு வெளியேறிவிடும். குளுக்கானைக் குடலிலுள்ள காவல் செல்கள் அடையாளம் கண்டு விழித்துக்கொள்ளும். குடலைக் காக்கும் ஐஜிஏ என்ற எதிர்ப்பொருளின் சுரப்பு கூடும். ஆனால் ஈஸ்ட் குடலில் குடியிருக்காது. நிறுத்தினால் சில நாளில் கழிந்துவிடும். அதனால் பால் மறக்கடித்து இரண்டு வாரம் ஆகும்வரை ஒரு நாளும் விடாமல் கொடுங்கள்.

பாக்கெட்டில் ஒரு கிராமுக்கு எத்தனை உயிருள்ள செல் என்று பாருங்கள். எண் போடாத பாக்கெட்டை வாங்கவே வேண்டாம். கன்றுக்கு ஒரு நாளைக்கு 100 கோடி முதல் 1000 கோடி செல் தேவை. கிராமுக்கு 500 கோடி உள்ள சரக்கென்றால் ஒரு கிராமே தாராளம்.

சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் வைத்த ஈஸ்ட் செத்துப்போகும். சந்தேகமிருந்தால் அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு ஸ்பூன் நாட்டுச்சர்க்கரையும் அரை ஸ்பூன் ஈஸ்ட்டும் கலந்து அரை மணி நேரம் வையுங்கள். நுரை கட்டி மேலே எழும்பினால் உயிர் இருக்கிறது. செத்த செல்லின் சுவரும் ஓரளவு வேலை செய்யும். ஆனால் உயிருள்ளதன் விலை கொடுத்து அதை வாங்குவது நட்டம்.

வாளியில் பால் குடிக்கும் கன்றுக்கு, 38 டிகிரிப் பாலில் கொஞ்சம் தனியே எடுத்து, அதில் ஈஸ்ட்டைக் கரைத்து, பிறகு மொத்தப் பாலில் சேர்க்கவும். கொதிக்கக் காய்ச்சிய பாலில் போட்டால் வீண். காங்கேயம் கன்றுபோல் தாயிடம் ஊட்டும் கன்றுக்கு, 10 மில்லி தண்ணீரில் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் கடைவாய் ஓரமாக மெதுவாக விடுங்கள். தலையை அண்ணாத்திப் பிடித்து ஊற்றினால் புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும்.

ஆண்டிபயாடிக் ஈஸ்ட்டைக் கொல்லாது, சேர்த்தே கொடுக்கலாம். பூஞ்சை மருந்து கொல்லும். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலந்த எதோடும் சேர்க்காதீர்கள்.

ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையில் வாங்கிய கன்றென்றால் கட்டுத்தறிக்கு வந்த அன்றே ஆரம்பியுங்கள். வண்டிப் பயணமும் தீவன மாற்றமும் குடலைப் பலவீனமாக்கியிருக்கும்.

கழிச்சல் தொடங்கிய பிறகு ஈஸ்ட்டை மட்டும் நம்பி உட்காரக் கூடாது. கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டால் இரண்டு நொடிக்குள் பழையபடி படிய வேண்டும். படியாவிட்டாலோ, கண் குழி விழுந்தாலோ, சாணியில் ரத்தம் தெரிந்தாலோ உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்துக்கொண்டே மருத்துவரைக் கூப்பிடுங்கள். ரத்தக் கழிச்சலுக்கு ஒரு காரணமான காக்ஸிடியா என்ற குடல் ஒட்டுண்ணிக்கு வேறு மருந்து வேண்டும்.