உங்கள் வளவில் எத்தனை மில்லிமீற்றர் மழை?

வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கையும் இணையத்தளமும் தமிழிலும் கிடைக்கின்றன. ஆனால் ஐப்பசி இடிமழை வவுனியா நிலையத்தில் கொட்டிவிட்டு நெடுங்கேணியை நனைக்காமலே போகும். வயலுக்கு உங்கள் சொந்த அளவுதான் உதவும்.

வாய் விட்டம் சரியாக 16 செ.மீ. உள்ள புனலை ஐந்து லீற்றர் கானில் செருகுங்கள். அந்த வாய்க்கு 20 மி.லீ. நீர் 1 மி.மீ. மழை. மருந்துக் கடையில் வாங்கும் 20 மி.லீ. சிரிஞ்சு போதும், பெருமழைக்கு அளவுச் சாடி சுகம். ஒன்றரை லீற்றர் போத்தல் வேண்டாம்: 75 மி.மீ. தாண்டினால் வழியும், மார்கழியில் அது அபூர்வமல்ல. புனல் ஆழமாக இருக்கட்டும், தட்டையானதில் துளி தெறித்து அளவு குறையும். புனலுக்கும் கானின் கழுத்துக்கும் இடையே இடைவெளி இருந்தால் நீர் ஆவியாகும். சைக்கிள் ரியூப் துண்டால் அடைத்துவிடுங்கள்.

சீமெந்துத் தரையில் வைக்காதீர்கள். புல்தரையில், விளிம்பு மட்டமாக, ஒரு அடி உயரத்தில் நிறுத்துங்கள். தென்னை புனலைவிட எவ்வளவு உயரமோ, அதன் இரண்டு மடங்கு தூரமாவது தள்ளி.

காலை 8.30க்கு அளந்து கானைக் கவிழ்த்துவிடுங்கள். திணைக்களமும் 8.30 முதல் 8.30 வரைதான் கணக்கிடுகிறது. வேறு நேரத்தில் அளந்தால் ஒப்பிட்டுப் பயனில்லை. மழையில்லாத நாளுக்கும் 0 எழுதுங்கள், வெற்றிடம் விட்டால் பிறகு அது அளக்காத நாளா என்று தெரியாது.

ஏக்கருக்கு 1 மி.மீ. என்றால் ஏறத்தாழ 4,000 லீற்றர். காலபோகத்தில் குளத்துத் தண்ணீர் எப்போது தேவை என்பதை இந்தக் கணக்கே சொல்லும்.