பொட்டாசியத்தில் சறுக்கினேன்

பெங்களூரு அல்சூரில் ரூம் எடுத்துத் தங்கி, அமெரிக்காவில் நர்ஸாக உரிமம் பெற எழுதும் என்கிளெக்ஸ் (NCLEX) தேர்வுக்குப் படித்தேன். பயிற்சித் தேர்வில் டிகாக்ஸின் என்ற இதய மருந்து பற்றிய கேள்வி வந்தாலே கோட்டை விடுவேன். ரத்தத்தில் பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன், 2.9 இருந்தால் என்ன செய்வது என்றால் முழிப்பேன்.

கூடத் தங்கியிருந்த அக்கா, "நெட்டுரு போடாதடி, பேஷன்ட்ட கட்டில்ல படுக்க வச்சுப் பாரு" என்றார். நைட் டியூட்டி முடிந்து வந்து, காலி மாத்திரை டப்பாவைப் பிரித்து உள்பக்கம் எழுதினேன்: சிறுநீரை அதிகமாக்கும் ஃபுரோசமைடு மருந்து, சிறுநீரோடு பொட்டாசியத்தை இழுத்துப்போகும். அது குறைந்தால் டிகாக்ஸின் நஞ்சாகும். குமட்டல், பார்வையில் மஞ்சள். டிகாக்ஸின் கொடுக்குமுன் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்து இதயத் துடிப்பை முழு நிமிடம் எண்ணு. பெரியவர்களுக்கு 60க்குக் கீழே என்றால் நிறுத்து, டாக்டரிடம் சொல்.

இதையேதான் வார்டில் தினமும் செய்துகொண்டிருந்தேன்! அந்த வாரம் ஆறு கேள்வியில் ஐந்து சரி.