கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி: கையெழுத்து வாங்குவதற்கு முன்

குடியாத்தம் பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் நடந்த தடுப்பூசி முகாமுக்கு அண்மையில் துணையாகப் போயிருந்தேன். பயிற்சி முடித்து வந்த இளம் செவிலியர்கள் மூன்று பேர். ஊசி போடும் கையில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் சம்மதப் படிவத்தை முந்தின நாள் மாலைதான் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பினோம் என்று அவர்கள் சொன்னபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2017-இல் நான் செய்த அதே தவறு.

எந்தத் தசையில் போடுவது, எத்தனை மில்லி என்பதையெல்லாம் பயிற்சியில் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். அங்கே சொல்லித் தராதவற்றை, முகாமில் நாம் செய்யும் தவறுகளை, ஒவ்வொன்றாக இங்கே எழுதுகிறேன்.

கையெழுத்தைச் சம்மதம் என்று எண்ணுவது

2017 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுவதும் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் நடந்தது. அப்போது நான் கிராம சுகாதார செவிலியர். என் பொறுப்பில் இருந்த ஊரில் பாதித் தாய்மார்கள் ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கத்து ஷூ கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள். விடிந்ததும் பஸ் வந்து அழைத்துப் போகும். இருட்டிய பிறகுதான் கொண்டுவந்து விடும். மீதிப் பேர் வீட்டில் பீடி சுற்றுகிறவர்கள். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் படிவத்தைப் பிள்ளைகளின் புத்தகப் பையில் வைத்து அனுப்பினேன். மறுநாள் காலையில் ஏறக்குறைய எல்லாப் படிவமும் கையெழுத்தோடு திரும்பி வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பதினோரு மணிக்கு ஒரு சிறுமி மயங்கி விழுந்தாள். பயத்தில் வந்த மயக்கம்தான். தண்ணீர் கொடுத்துப் படுக்கவைத்ததும் தெளிந்துவிட்டாள். ஆனால் அதற்குள் அவள் அப்பா வந்துவிட்டார். வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்த வதந்தி அவர் கையில் இருந்தது. "யாரைக் கேட்டு என் பெண்ணுக்குப் போட்டீர்கள்?" என்றார். படிவத்தை எடுத்துக் காட்டினேன். அது அவர் கையெழுத்தே இல்லை. அண்ணன் போட்டுக் கொடுத்திருக்கிறான். அன்று மாலை மற்ற படிவங்களையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். ஒரே பேனா, ஒரே சாய்வு, ஏழெட்டுப் பெயர்கள். பாட்டியின் கைரேகை சிலவற்றில் இருந்தது. எதற்கு என்று கேட்காமலே அவர் விரலை வைத்திருப்பார்.

அடுத்த புதன்கிழமை தடுப்பூசி நாள். அந்தத் தெருவிலிருந்து ஒரு கைக்குழந்தைகூட வரவில்லை. அந்தச் சிறுமிக்கும் அந்தக் குழந்தைகளுக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் ஊர் அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. நர்சம்மா கேட்காமல் போடுகிறார் என்ற பேச்சு ஒன்றே போதும். வீடு வீடாகப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து பேசி அதைச் சரிசெய்ய எனக்கு எட்டு மாதம் ஆயிற்று.

இதே தவறு பெரிய அளவில் நடந்தபோது நாடே அதற்கு விலை கொடுத்திருக்கிறது. 2009-இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் ஆயிரக்கணக்கான சிறுமிகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டுப் பார்க்கும் திட்டம் நடந்தது. அவர்களில் சில சிறுமிகள் இறந்தார்கள். அந்த மரணங்களுக்கும் தடுப்பூசிக்கும் பெரும்பாலும் தொடர்பில்லை என்றுதான் விசாரணையில் தெரிந்தது. ஆனால் விடுதிப் பிள்ளைகளுக்குப் பெற்றோரைக் கேட்காமல் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டிருந்ததும் அதே விசாரணையில் வெளிவந்தது. 2010-இல் திட்டம் நின்றது. தடுப்பூசியின் மேல் விழுந்த சந்தேகம் பல ஆண்டுகள் விலகவில்லை. நம் நாட்டில் ஆண்டுதோறும் 1.2 லட்சம் பெண்களுக்கு மேல் இந்த நோய் வருகிறது. 75 ஆயிரம் பேருக்கு மேல் இறக்கிறார்கள். இப்படிப்பட்ட நாட்டில் ஒரு போலிக் கையெழுத்தைச் சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

இந்தத் தடுப்பூசியில் சிக்கல் இன்னும் கூடுதல். வயதுக்கு வரும் பருவத்துப் பெண்பிள்ளை. படிவத்தில் 'கருப்பை' என்ற சொல். விளக்கம் இல்லாமல் அது வீட்டுக்குப் போனால், பிற்காலத்தில் குழந்தை பிறக்காமல் செய்துவிடுவார்கள் என்ற பேச்சு அன்று இரவே கிளம்பிவிடும். அதைத் தடுக்கும் வேலையை முகாமுக்கு இரண்டு வாரம் முன்பே தொடங்க வேண்டும்.

ஷூ கம்பெனி பஸ் திரும்பி வந்து, சமையலும் முடிந்து, எட்டு மணிக்கு மேல் கோயில் மண்டபத்தில் உட்காருங்கள். இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை. நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்கும் போகலாம். பேரணாம்பட்டு, வாணியம்பாடி என்றால் உருது பேசும் ஒரு பெண்ணை உடன் அழைத்துப் போங்கள். தமிழ்ப் படிவத்தைப் படித்துக் காட்டினால் மட்டும் போதாது. பாட்டிகளை முன்வரிசையில் உட்காரவையுங்கள். தந்தையர் கட்டாயம் வர வேண்டும். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் ஏன் மருத்துவரானார் என்பது வேலூரில் எல்லோருக்கும் தெரியும். ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்று வீட்டு ஆண்கள் மறுத்ததால் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்துபோனார்கள். இன்றும் பல வீடுகளில் கடைசி வார்த்தை அப்பாவுடையதுதான். அவரிடம் பேசாமல் அம்மாவை மட்டும் நெருக்குவது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநியாயம்.

என்ன பேசுவது? உள்ளதைப் பேசுங்கள். இந்தப் புற்றுநோய்க்குக் காரணம் எச்பிவி என்ற வைரஸ். அதில் 16, 18 என்ற இரண்டு வகைகளால் மட்டுமே நூற்றுக்கு எழுபது பேருக்கு நோய் வருகிறது. தாம்பத்திய உறவின் வழியாகப் பரவும். திருமணமான யாருக்கும் வரலாம். பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே நீங்கிவிடும், சிலருக்குத் தங்கிப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றாக மாறும். வைரஸ் உடலுக்குள் வருவதற்கு முன்பே போட்டால்தான் முழுப் பலன், அதனால்தான் 9 முதல் 14 வயது. இவ்வளவுதான். பரவும் வழியை மறைத்தால் நாளைக்கு வேறொருவர் அதைக் கொச்சையாகச் சொல்வார். அப்போது நம் பேச்சு எடுபடாது. ஒழுக்கத்தோடு முடிச்சுப் போட்டு ஒரு சொல்கூட வாயில் வரக்கூடாது.

பிறகு கடைசியில் பிள்ளையிடமும் கேளுங்கள். கை அவளுடையது.

வெறும் வயிற்றோடு வரிசையில் நிறுத்துவது

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளிக்குத்தான். ஆறாம் வகுப்புக்கு மேல் பல பெண்பிள்ளைகள் டீ மட்டும் குடித்துவிட்டு வருகிறார்கள். சாப்பிட்டாயா என்று ஒவ்வொருத்தியையும் கேளுங்கள். இல்லையென்றால் மதிய உணவுக்குப் பின் போடலாம். உட்காரவைத்துப் போடுங்கள். முடிந்தபின் 30 நிமிடம் உங்கள் கண் பார்வையிலேயே இருக்கட்டும். ஊசி போடும் இடத்தை ஒரு புடவை கட்டியாவது மறையுங்கள். ஒருத்தி விழுவதைப் பார்த்து அடுத்தவளும் விழுவாள். கொலம்பியாவில் 2014-இல் ஒரே ஊரில் நூற்றுக்கணக்கான சிறுமிகள் இப்படி மயங்கினார்கள். தடுப்பூசி காரணமில்லை என்று ஆய்வு சொல்லியும் அந்நாட்டில் போட்டுக்கொள்பவர் தொகை சரிந்துவிட்டது.

மாதவிடாய் நாளில் திருப்பி அனுப்புவது

போடலாம். அனுப்பாதீர்கள்.

வெயிலுக்குப் பயந்து உறையவைப்பது

வேலூர் வெயிலில் மருந்து கெட்டுவிடும் என்ற பயத்தில், உறைபெட்டியிலிருந்து எடுத்த ஐஸ் பேக்குகளை அப்படியே மருந்து கொண்டுபோகும் கேரியர் பெட்டியில் அடுக்கி, மருந்தை அவற்றோடு ஒட்டி வைக்கிறார்கள். இந்த மருந்துக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். உறைந்தால் வீணாகிவிடும், உருகியபின் பார்க்க நன்றாகத் தெரிந்தாலும்கூட. ஐஸ் பேக்கை வெளியே வைத்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்ட பிறகு அடுக்குங்கள். உறைந்த குப்பியைக் குப்பைக்குத்தான் அனுப்ப வேண்டும்.

இனிப் பரிசோதனையே வேண்டாம் என்று சொல்லிவிடுவது

தடுப்பூசி எல்லா வகை வைரஸையும் தடுப்பதில்லை. இந்தப் பெண்ணும் முப்பது வயதில் பரிசோதனைக்கு வர வேண்டும். அவளை அழைத்து வந்திருக்கும் அம்மாவுக்கு இப்போதே அந்த வயதுதான். அவருக்கு அங்கேயே நாள் குறித்துக் கொடுங்கள்.

முதல் முறை மறுத்த வீட்டைப் பட்டியலிலிருந்து நீக்குவது

மறுபடியும் போங்கள். சண்டை போட்ட அந்தத் தந்தையின் வீட்டுக்கு நான் ஐந்து முறை போனேன். நான்கு முறை தண்ணீர்கூடத் தரவில்லை. ஐந்தாம் முறை, அந்த ஊசி எதற்கு என்று முதன்முறையாகக் கேட்டார். ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அதற்கடுத்த புதன்கிழமை தன் தம்பியின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவரே வந்தார்.